என்எஸ் 200-ல வீலிங் பழகணும், லேஅவுட்ல பண்ணலாமா?

என்எஸ்_பிரபு:
வணக்கம். பல்சர் என்எஸ் 200 ஓட்டுறேன், வயசு 22. முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுற வீலிங் பழகணும்னு ரொம்ப நாளா ஆசை. ரோட்ல பண்ற எண்ணம் சுத்தமா இல்லை. ஊருக்கு வெளிய மனை விக்காம கிடக்கிற லேஅவுட் ஒண்ணு இருக்கு. தார் ரோடு புதுசு, ஆள் நடமாட்டம் கிடையாது. ஹெல்மெட், க்ளவுஸ், முட்டி கார்டு எல்லாம் வாங்கிட்டேன். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு அண்ணன்மார் சொல்லுங்க.

வார்டு_அக்கா:
வேண்டாம் தம்பி. நான் எலும்பு முறிவு வார்டுல நர்ஸ். வீலிங்ல பின்னாடி கவுந்து வர்ற பசங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். விழும்போது கை தானா ஊனும், மணிக்கட்டு நொறுங்கிடும். இல்லேன்னா வால் எலும்பு, இடுப்பு. வண்டி மேல வந்து விழுந்தா முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பும் போயிடும். காலுக்கு வெளிய கம்பி மாட்டி மாசக்கணக்கா படுக்கணும். உங்க வயசுப் பையனுக்கு அவங்க அம்மா பெட்பேன் வைக்கிறாங்க, அவன் போர்வையை முகத்து மேல இழுத்து மூடிக்கிறான். நீங்க வாங்கின முட்டி கார்டு இதுல எதையும் தடுக்காது.

செட்டிபாளையம்_ரைடர்:
அக்கா சொல்றது அத்தனையும் நிஜமுங்க. ஆனா வேண்டாம்னு சொன்னதால யாரு நிறுத்தியிருக்காங்க? சொல்லித் தர ஆள் இல்லாமத்தான் பசங்க ரீல்ஸைப் பார்த்துட்டு நேரா பைபாஸ்ல போய் கிளட்சை விடறாங்க. நான் மண் தரையில வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவன். அதனால சொல்றேன்.

தூக்குறது பெரிய விஷயமே இல்லைங்க. ஃபர்ஸ்ட் கியர்ல ரேஸ் பண்ணி கிளட்சை வெடுக்குன்னு விட்டா இந்த மாதிரி வண்டி எந்திரிச்சிரும். இறக்குறதுதான் வித்தை. ஒரு கோணத்துல மொத்த எடையும் பின் சக்கரத்து மேல நிக்கும், அதுதான் பேலன்ஸ் பாயிண்ட். அதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டரைக் குறைச்சா முன் சக்கரம் கீழ வரும். தாண்டிட்டா ஆக்ஸிலேட்டரைக் குறைச்சும் பிரயோஜனம் இல்லை, பின் பிரேக் ஒண்ணுதான் காப்பாத்தும். கீழ டயர் தரையைப் பிடிச்சு நிறுத்தும், மேல இருக்கிற எடை முன்னால சாயும்.

அதனால முதல்ல பழக்க வேண்டியது வலது காலை. முன் சக்கரம் ஒரு சாணுக்கு மேல எழும்பக் கூடாது, எழும்புற ஒவ்வொரு தடவையும் பிரேக்கைத் தொட்டு இறக்கணும். யோசிக்காமலே கால் பிரேக்குக்குப் போற வரைக்கும் இதே வேலைதான். புதுசாப் பண்றவங்க வண்டி எந்திரிச்ச பயத்துல காலை ஃபுட்ரெஸ்ட்ல இருந்து எடுத்துத் தொங்க விட்டுடுவாங்க. அங்கதான் கவுறாங்க.

கிளட்ச்_மாரி:
பிரபு, வண்டி எந்த வருஷ மாடல்? பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம தடுக்கிற ஏபிஎஸ், பழைய என்எஸ்ல முன் சக்கரத்துக்கு மட்டும்தான். 2023-ல இருந்து ரெண்டு சக்கரத்துக்கும் குடுத்துட்டாங்க. முன் வீல் அந்தரத்துல வேகம் குறைஞ்சா சென்சார் குழம்பும். நீ பின் பிரேக்கை மிதிக்கிற நேரம் பார்த்து ஏபிஎஸ் அதை விட்டுக் குடுக்கவும் வாய்ப்பு இருக்கு. 390 டியூக்ல சூப்பர்மோட்டோ மோட் போட்டா பின் ஏபிஎஸ் மட்டும் ஆஃப் ஆகும், உன் வண்டியில அது கிடையாது. ஸ்டன்ட் பசங்க ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிருவாய்ங்க, அப்புறம் அதே வண்டியில ஏபிஎஸ் இல்லாம மழையில வேலைக்குப் போவாய்ங்க.

செலவையும் கேட்டுக்க. கிளட்ச் பிளேட் முதல்ல கருகும். டொம்முன்னு இறக்குனா முன் ஃபோர்க் ஆயில் சீல் போகும், ஹேண்டில்பார் திரும்புற பேரிங்கான கோன் செட்டுல பள்ளம் விழும். ரொம்ப நேரம் தூக்கி வச்சா இன்ஜின் அடியில சம்ப்ல இருக்க ஆயில் பின்னாடி ஒதுங்கி பம்புக்கு எட்டாது, இன்ஜின் காஞ்சு ஓடும். தினமும் ஆபீஸ் போற வண்டியில இதைப் பண்ணாத தம்பி.

சட்டம்_கதிர்:
லேஅவுட் பத்தி யாரும் பேசலையே. அப்ரூவல் வாங்கின மனைப்பிரிவுல ரோடுகளை உள்ளாட்சிக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கணும். மனை வித்தாலும் விக்காட்டியும் அது பஞ்சாயத்து ரோடு. பொதுமக்கள் போக உரிமை இருக்கிற எந்த இடமும் மோட்டார் வாகனச் சட்டத்துல பொது இடம்தான். ஆபத்தா ஓட்டினதா 184-வது பிரிவு பாய்ஞ்சா முதல் தடவைக்கே 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வேடிக்கை பார்க்க வர்ற 17 வயசுப் பையன் ஒரு ரவுண்டு கேட்டு நீங்க கொடுத்துட்டா 199ஏ பிரிவு. வண்டி உங்க பேர்ல இருந்தா 25,000 அபராதம், 3 வருஷம் வரைக்கும் சிறை.

என்எஸ்_பிரபு:
ரோடு விஷயம் எனக்கு சத்தியமா தெரியாது சார். அப்ப எங்கதான் போறது? இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்ல விடுவாங்களா?

செட்டிபாளையம்_ரைடர்:
சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஓட்ட விடற நாளைத்தான் ட்ராக் டேன்னு சொல்வாங்க. நான் போன ட்ராக் டேஸ்ல வீலிங் பண்ணினா கொடி காட்டி வெளிய அனுப்பிடுவாங்க. பின்னால வர்றவன் மோதுவான்ல, அது சரிதானுங்க.

பழைய_சோழவரம்:
சென்னை பக்கம் சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல நாங்க பையன்கள். ஓட்டத் துடிக்கிறவனுக்கு ஒரு திடல், கொடி, ஓரத்துல ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை வந்தது ரேஸுக்கு. மாவட்டத்துக்கு ஒரு மூடின திடல் கேட்டா யாரும் காதுல போட்டுக்க மாட்டேங்கிறாங்க. கிரிக்கெட்டுக்கு ஸ்டேடியம் இருக்கே, இதுக்கு ஏன் கூடாது? ஜப்பான்ல யசுயுகி குடோ 1991-ல ஒத்தைச் சக்கரத்துல 331 கிலோமீட்டர் போனாரு. எங்க? ரோட்ல இல்லை, வண்டி சோதிக்கிற மூடின ட்ராக்ல.

வார்டு_அக்கா:
ஐயா, திடல் கொடுத்தா ரோட்ல குறையும்னு எதை வச்சுச் சொல்றீங்க? 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கம் ஹைவேயில வீலிங் பண்ணி விழுந்த யூடியூபருக்கு வித்தை தெரியாதா? பாதுகாப்பு கவசம் முழுக்கப் போட்டிருந்தாரு, அப்பவும் கை உடைஞ்சுது. லைசென்ஸை 2033 வரைக்கும் முடக்கிட்டாங்க. நல்லாப் பழகினவன்தான் நாலு பேர் பார்க்கிற இடத்துல செஞ்சு காட்டுவான். அவனைப் பார்த்து ஒண்ணும் தெரியாத பத்துப் பேர் தூக்குறாங்க, அவங்கதான் எங்க வார்டுக்கு வர்றாங்க.

செட்டிபாளையம்_ரைடர்:
அக்கா, அந்தக் கேள்விக்கு எங்கிட்ட முழுப் பதில் இல்லை. ஒத்துக்கறேன். நான் செய்யறதை மட்டும் சொல்றேன். மண் தரை, 150 சிசிக்குள்ள சின்ன டர்ட் பைக், வேகம் 15, 20-க்கு மேல கிடையாது. கீழ கிடக்கிற மரத்தைத் தாண்ட முன் சக்கரத்தைத் தூக்கி வைக்கிறதுதான் பாடம். ஆஃப்ரோடு ஓட்டறவனுக்கு இது நிஜமாவே தேவைப்படற வேலை. நெஞ்சு கார்டு, முதுகு கார்டு, பூட்ஸ் இல்லாம வண்டியைத் தொட விடமாட்டேன். ஃபோன் வெளியவே வராது. படம் எடுக்கணும்னு கேட்கிறவனை நான் சேர்க்கிறதே இல்லை.

கிளட்ச்_மாரி:
இது சரியா இருக்கு. விழுந்தாலும் கிளட்ச், பிரேக் லிவர் உடையறதோட போகும்.

வார்டு_அக்கா:
மண்ணுல விழுந்தாலும் மணிக்கட்டு மணிக்கட்டுதான் மாரி அண்ணே. நான் இன்னும் வேண்டாம்னுதான் சொல்றேன். பிரபு, வீட்ல தெரியுமா?

என்எஸ்_பிரபு:
லேஅவுட்டை விட்டுட்டேன் அக்கா. டர்ட் பைக்ல பழகலாம்னு இருக்கேன். வீட்ல சொன்னா அம்மா விடமாட்டாங்க. செட்டிபாளையம் அண்ணா, அடுத்த பேட்ச் எப்ப?

செட்டிபாளையம்_ரைடர்:
வீட்ல சொல்லாம வர்றதுன்னா வர வேண்டாம் தம்பி. அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் கூட வந்து, முதல் நாள் முழுக்க ஓரத்துல உட்கார்ந்து பார்க்கணும். அவங்க சரின்னா ரெண்டாவது நாள் வண்டியைத் தர்றேன்.