முகமும் கையும் அவர் வரைவார்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குப் படித்ததுமே ஆள் யாரென்று புரிந்துவிடும். தெரியாதவர்களுக்குப் பெயர் தேவையில்லை. நீங்களும் பெயர் போடாமலே கீழே எழுதுங்கள். அவரிடம் வேலை பார்த்தவர்கள், பழகியவர்கள், ஒரு தடவையாவது திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதலில் நான்.

1992இல் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேரோடு ஓர் அறை. அவருடைய சித்திரக்கதைகளைப் பள்ளி நாளிலிருந்து பத்திரிகையில் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தவன் நான். அந்த நோட்டோடு போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். புரட்டிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஓரமெல்லாம் நேரா வெட்டியிருக்கே. நாளைக்கு வா" என்றார். வேலைக்குச் சேர்ந்தது அப்படித்தான்.

அவருடைய கோட்டைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது அநியாயம். பென்சிலில் நாலைந்து கோடுதான் போடுவார். அப்புறம் பிரஷ்ஷை இந்தியன் இங்கில் தோய்த்து, துணியில் ஒரு தடவை ஒற்றி, ஒரே இழுப்பு. தோளில் தொடங்குகிற கோடு முழங்கையில் தடித்து மணிக்கட்டில் மயிரிழையாக முடியும். மழையைக் காட்ட அவர் மழைக்கோடு போட்டு நான் பார்த்ததில்லை. நனைந்த வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு கிழவி முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்திருப்பாள், அவ்வளவுதான். பார்க்கிற நமக்குக் குளிரும். குதிரையைக் குளம்பிலிருந்து மேல்நோக்கி வரைந்துகொண்டு போவார். ஏன் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "எடை எங்கே இறங்குதோ அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார். நான்கு வருடத்தில் அவர் எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். இன்று வரை அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

முகமும் கையும் அவர் வரைவார். மற்றதெல்லாம் நான். கோபுரம், மாட்டுவண்டி, சந்தைக் கூட்டம், ஓட்டுக்கூரை, புடவைக் கரை, பாத்திரங்கள், மரங்கள். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'கும்பகோணம்'தான். எனக்கு முன்னால் இருந்தவர் 'மதுரை'. யாராவது வந்து, இந்தப் பையன் யார் என்று கேட்டால், "இங்க் ஊத்திக் கொடுப்பான்" என்பார். மற்ற ஓவியர்களின் படம் வந்த பத்திரிகைகளைக் கிழித்து மேஜை ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பார். பிரஷ்ஷைத் துடைக்க அந்தத் தாள்தான் வேண்டும் அவருக்கு. அதில் ஒரு படத்தை எடுத்து நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்காக இரண்டு நாள் பேசவில்லை.

1995இல் ஒரு கடைத்தெரு வந்தது. பக்கத்தின் அகலம் முழுக்க ஒரே கட்டம். பதினோரு கடைகள். மூன்று இரவு உட்கார்ந்து போட்டேன். எங்கள் அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தெருவின் இடப்பக்கக் கோடியில் ஒரு சைக்கிள் கடையை வைத்து, போர்டில் நெல் அளவு எழுத்தில் அப்பா பெயரை எழுதினேன். என் பெயரைப் போடத் தைரியம் இல்லை. மறுநாள் பக்கத்தைக் கையில் வாங்கியவர் நேராக அங்கேதான் போனார். அரை பிளேடை எடுத்தார், சுரண்டினார், மேலே போஸ்டர் வெள்ளை வைத்தார். சத்தம் போடவில்லை. "இது என் தெரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ கேட்டார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருடம் வெளியே வந்துவிட்டேன்.

———

அண்ணா, நான் சிவகாசி. ஆப்செட் அச்சு மெஷினில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். உங்கள் ஆள் யாரென்று 'பிரஷ் துடைக்கிற தாள்' என்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு தடவை அவருடைய அட்டைப்படம் ஒன்று எங்களிடம் ஓடியது. ராத்திரி பஸ் பிடித்து அவரே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக ஒரு ஷீட்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிறுத்து" என்றார். இரண்டாயிரம் ஷீட் ஓடியிருந்தது. சிவப்பு விலகியிருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆமாம், ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் உட்காருகிற பொருத்தம், ஒரு மயிரிழை விலகியிருந்தது. அட்டையில் இருந்த பெண்ணின் உதடு அவர் போட்ட கோட்டைத் தாண்டி நின்றது. அவ்வளவு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "குருடனை எல்லாம் மெஷின்ல நிறுத்தினா இப்படித்தான்" என்றார். என்னை அனுப்பிவிடச் சொல்லி முதலாளியிடம் பிடிவாதம் பிடித்தார். முதலாளி கேட்கவில்லை, அதனால் பிழைத்தேன்.

ஆனால் விடிய விடிய மெஷின் பக்கத்திலேயே நின்றார் அண்ணா. சாப்பாடு வாங்கி வைத்தோம், தொடவில்லை. சரியான ஷீட் வந்தபோது அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார், அதையும் மறக்கவில்லை. அன்றிலிருந்து லென்ஸ் இல்லாமல் நான் மெஷினை ஓடவிட்டதில்லை.

———

சென்னைப் புத்தகக் காட்சி காயிதே மில்லத் கல்லூரி வளாகத்தில் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஒன்பதாவது படித்தேன். ஒரு ஸ்டாலில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்பா கையை உதறிவிட்டு ஓடினேன். பையில் நான் வரைந்த படம் இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற ஒரு பெண். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தது.

வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் படத்தின் மேலேயே வரைய ஆரம்பித்துவிட்டார். இடுப்பை ஒடித்து மறுபக்கம் தள்ளினார். குடம் இல்லாத பக்கத்துத் தோளை இறக்கினார். காலை மாற்றி வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாள்! குடத்துக்குள் தண்ணீர் இருப்பது தெரிந்தது. அப்புறம் கீழே, நான் என் பெயரை எழுதியிருந்த இடத்திலேயே, அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா "தேங்க்ஸ் சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

இரவு முழுக்க அழுதேன். படம் போனதற்கா, பெயர் போனதற்கா, என்னால் அப்படி வரைய முடியாதே என்பதற்கா, அந்த வயதில் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். இடுப்பில் எடை இருந்தால் எந்தத் தோள் இறங்கும் என்று சொல்லும்போதெல்லாம் அவர் பேனா ஓடிய ஓட்டம் கண்ணுக்குள் வரும். ஆனால் ஒரு பிள்ளையின் தாளில் என் பேனா படவே படாது. பக்கத்தில் வேறு தாள் வைத்துத்தான் போட்டுக் காட்டுவேன்.

———

எல்லாம் படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய கலைஞன் என்றால் வித்யா கர்வம் இருக்கத்தான் செய்யும். அந்தத் திமிர்தான் அந்தக் கோட்டையும் போட வைத்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்றால் எப்படி?

———

சார், மரியாதையோடு மறுக்கிறேன். 1972இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்த நாளிலிருந்து காமிக்ஸ் சேர்ப்பவன் நான். இந்தத் 'திமிர்தான் வரைய வைத்தது' என்ற பேச்சை உலகம் பூராவும் சொல்கிறார்கள்.

பேட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 மே மாதம் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் வந்தான். ஓவியர் பாப் கேன் முதலில் போட்ட உருவம் சிவப்பு உடை, விறைப்பான இரண்டு இறக்கை, கண்ணை மட்டும் மறைக்கிற சின்ன முகமூடி. காது வைத்த முகமூடியும், இறக்கைக்குப் பதில் மேலங்கியும், சாம்பல் நிறமும் எழுத்தாளர் பில் ஃபிங்கர் சொன்ன யோசனைகள். புரூஸ் வெய்ன் என்ற பெயரும் கோதம் நகரமும் அவர் வைத்ததுதான். முதல் கதையை எழுதியவரும் அவரே. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்தது கேன் பெயர் மட்டும். ஃபிங்கருக்கு உரிய பங்கைச் சிலர் பேச ஆரம்பித்தபோது, 1965இல் கடிதம் எழுதி மறுத்தார் கேன். ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். கேன் தன் சுயசரிதையில் அவருக்காக வருத்தப்பட்டது 1989இல். ஃபிங்கர் பெயர் அதிகாரபூர்வமாக இடம்பெற முடிவானது 2015இல். பேட்மேன் பிறந்து 76 வருடம் கழித்து. இதற்கு நடுவே 1953 முதல் 1967 வரை ஷெல்டன் மோல்டாஃப் என்பவர் வரைந்த பக்கங்களும் கேன் பெயரில்தான் வந்தன.

கேனைப் பெரிய ஓவியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மவரோடு வைத்துப் பார்க்க வேண்டியவர் அல் கேப். அமெரிக்க நாளிதழ்களில் 1934 முதல் 1977 வரை 'லில் ஆப்னர்' என்ற படத்தொடரைக் கொடுத்தவர், அபாரமான கைக்காரர். ஒன்பது வயதில் டிராம் வண்டியில் அடிபட்டு இடக்காலை இழந்தவர். முதல் பதிவில் 'முகமும் கையும்' என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேப்பின் ஸ்டூடியோவிலும் அதே ஏற்பாடுதான்! கதையும் வசனமும் அவருடையவை. பாத்திரங்களின் முகத்தையும் கையையும் அவர் வரைவார், மற்றதை உதவியாளர்கள் முடிப்பார்கள். பிறகு உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஃபிராங்க் ஃபிரஸெட்டா 1950களில் பல வருடம் அங்கே பென்சில் பிடித்தவர். கேப்பே 1933இல் ஹாம் ஃபிஷர் என்பவரிடம் உதவியாளராக இருந்து கசப்போடு வெளியேறியவர். அந்தப் பகை இருபது வருடம் ஓடியது. 1950இல் ஒரு பெரிய பத்திரிகையில் பழைய முதலாளியை ராட்சசன் என்றே எழுதினார்.

இதே கேப்தான், போரில் கை கால் இழந்த வீரர்களுக்குத் தைரியம் சொல்லித் தன் கதையைச் சித்திரப் புத்தகமாகப் போட்டுக் கொடுத்தார். கார்ட்டூனிஸ்ட்கள் சங்கத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்றபோது 1949இல் எதிர்த்து விலகியதும் இவர்தான். அதனால் இவர்களை ஒரேயடியாகக் கெட்டவர்கள் என்று நான் தள்ளவில்லை சார். கோடு வேறு, திமிர் வேறு என்கிறேன். சிவகாசித் தம்பி பார்த்த அந்த முகம் இருக்கிறதே, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்ற முகம், கோட்டைப் போட்டது அதுதான். தம்பியைக் குருடன் என்று சொன்ன வாய்க்கு அதில் பங்கில்லை.

நம் ஊரிலேயே பாருங்கள். விகடனில் ஓவியர் மாலி இருந்தார். அவருக்கு இல்லாத மேதைமையா? கோபாலன் என்று வந்த இளைஞருக்குக் கோபுலு என்று பெயர் வைத்தார். சீனிவாசனுக்குச் சில்பி என்று வைத்தார். தன்னிடம் வந்த பிள்ளைக்குக் கையெழுத்துப் போட ஒரு பெயர் கொடுத்தார் ஒரு பெரியவர். இங்கே ஒருவர் நெல் அளவு எழுத்தைப் பிளேடால் சுரண்டியிருக்கிறார். இதைக் கர்வம் என்று எப்படி மரியாதையாகச் சொல்வது?

———

குடம் வரைந்தவள் மறுபடியும். அண்ணா, அந்தக் கடைத்தெரு எந்த இதழில் வந்தது? அப்புறம் அவரை நீங்கள் பார்க்கவே இல்லையா?

———

பார்த்தேன் அம்மா. 2011இல். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். கண் மங்கிவிட்டது, கை நடுக்கம். என்னை அடையாளம் தெரிந்தது, 'கும்பகோணம்' என்றுதான் கூப்பிட்டார். கோபமாக வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வரவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன்.

அந்தக் கடைத்தெருவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். நான் இருக்கும்போதே இரண்டு மாணவர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களைச் சுவர் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இந்த ஓட்டுக்கூரையைப் பாருங்க. ஒவ்வொரு ஓடும் தனித்தனி. மூணு ராத்திரி உட்கார்ந்தேன்" என்றார். பொய் சொல்கிறோம் என்ற சங்கடம் அந்தக் குரலில் கொஞ்சமும் இல்லை. அந்த மூன்று ராத்திரியையும் அவர் நிஜமாகவே நம்புகிறார் என்று எனக்குப் பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் போன பிறகும் திறக்கவில்லை. ஏன் என்று இன்று வரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

அந்த இதழ் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் செய்து போடுகிறேன். இடப்பக்கக் கோடியில் பாருங்கள். மளிகை, ஜவுளி, வெற்றிலை, பாத்திரம் என்று பத்துக் கடையிலும் போர்டு எழுதியிருக்கும். சைக்கிள் கடை போர்டு மட்டும் வெள்ளையாக இருக்கும்.