அமெரிக்காவில் ஊர்த் திருவிழாவில் உணவுக்கடை போடுகிறவர்களுக்கு: நான்கு ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

நேப்பர்வில், இல்லினாய்

மெனுவை அப்புறம் யோசிக்கலாம், முதலில் கூடாரம். கோடைத் திருவிழாக்களில் 10க்கு 10 அடிதான் வழக்கமான இடம். தார்ச்சாலையில் முளை அடிக்க விடமாட்டார்கள், எடைதான் கட்ட வேண்டும். கூடாரக் காலுக்கு 40 பவுண்டு என்பது பல ஊர்களில் கேட்கும் அளவு. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுதான், தண்ணீர் நிரப்பிய ஒரு கேலன் பால் கேன் நாலைக் கட்டினாலும் தேறாது. ஐந்து கேலன் வாளியை நிரப்பி மூடினால் 41 பவுண்டு வரும், காலுக்கு ஒன்று போதும். கயிற்றைக் கூரைச் சட்டத்தின் மூலையிலிருந்து இழுத்து, வாளி தரையில் உட்கார்ந்தபடி கட்டுங்கள். அந்தரத்தில் தொங்கவிட்டால் காற்றில் ஆடிக் குழந்தைகளின் முழங்காலைப் பதம் பார்க்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே ஜூலை இடிமழைக்கும் பொருந்தும். வானம் கறுத்தால் முதலில் பக்கத் திரைகளை அவிழுங்கள், அவைதான் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கின்றன. அடுத்து கால்களை ஒரு படி இறக்குங்கள். தீயணைப்புத் துறையினர் துணியில் தீத்தடுப்பு லேபிள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேபிளை வெட்டி எறிந்த கூடாரத்துக்கு வாதாடிப் பயனில்லை. வடை, பஜ்ஜி என்று எண்ணெய் காய்ச்சினால் சாதாரண தீயணைப்பான் போதாது, சமையல் எண்ணெய்த் தீக்கான கே வகையும் வேண்டும். அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே, பின்பக்கம் வைக்கச் சொல்வார்கள். அந்த இடத்தையும் கடை அனுமதி விண்ணப்பத்தோடு தரும் படத்திலேயே வரைந்துவிடுங்கள்.

எடிசன், நியூஜெர்சி

சுகாதார ஆய்வாளர் முதலில் தேடுவது கை கழுவும் இடத்தை. ஐந்து கேலன் தண்ணீர்ப் பாத்திரம், கீழே அழுக்குத் தண்ணீருக்கு வாளி, சோப்பு, காகிதத் துண்டு. குழாய், திறந்தால் திறந்தபடியே ஓட வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் ஓடும் குழாய் செல்லாது, ஒரு கை அதிலேயே மாட்டிக்கொண்டால் எப்படிக் கழுவுவது?

வீட்டில் சமைத்த சாம்பாருக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. உரிமம் உள்ள சமையற்கூடத்தில் செய்யுங்கள், அல்லது அங்கேயே செய்யுங்கள். குளிர்ந்தது 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், சூடானது 135க்கு மேல். நம் ஆட்கள் மாட்டுவது தேங்காய்ச் சட்னியில்தான். பாத்திரத்தை ஐஸ் மேல் உட்கார வைத்தால் அடி மட்டும் குளிரும், மேல்பகுதி வெயிலில் 60ஐத் தாண்டும். சட்னி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை பக்கவாட்டிலும் ஐஸ் வர வேண்டும். சின்னச் சின்னப் பாத்திரமாக எடுத்து வையுங்கள், மீதி ஐஸ்பெட்டியில் இருக்கட்டும். ஆறிய சாம்பாரை அடுப்பில் 165க்கு ஏற்றிய பிறகே பரிமாறும் தட்டத்துக்கு மாற்றுங்கள். அடியில் எரியும் ஜெல் டப்பா சூட்டைக் காக்கும், ஏற்றாது.

பாத்திரம் கழுவ மூன்று தொட்டி: சோப்பு, தண்ணீர், ப்ளீச். கேலனுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் ப்ளீச் வேண்டாம். அந்தத் தண்ணீரில் நனைக்கும் சோதனைப் பட்டை 50 முதல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்ட வேண்டும். கூடினாலும் தவறுதான். வாசனை போட்ட ப்ளீச் வாங்காதீர்கள்.

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

மின்சாரம் பற்றி. 20 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 2,400 வாட். தொடர்ந்து ஓட்ட அதில் 80 சதவீதம், அதாவது 1,920தான் கணக்கு. 1,500 வாட் தோசைக்கல் ஒன்றும் ஒரு விளக்கும் ஓடும். கூடவே ரைஸ் குக்கரைச் செருகினால் பிரேக்கர் விழும், அதே இணைப்பில் இருக்கும் பக்கத்துக் கடையும் சேர்ந்து இருளும். நீட்டிப்பு வயர் தடிமனான 12 கேஜ் வாங்குங்கள். மெல்லிய 16 கேஜ் வயர் சூடாகும், கல்லும் சரியாகக் காயாது. வயர்கள் சேரும் இடம் ஈரப்புல்லில் கிடந்தால் பாதுகாப்புச் சுவிட்ச் ஓயாமல் துண்டிக்கும், ஒரு பெட்டி மேல் தூக்கி வையுங்கள்.

கேஸ் என்றால் 20 பவுண்டு சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்ட வேண்டும். பெரிய அடுப்புக்கு இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றிலிருந்தே உறிஞ்சினால் வெளியே பனி பூத்து, தீ சுருங்கிவிடும்.

பெரும்பாலான மாநிலங்களில் ஆகஸ்ட் முதல் செவ்வாயன்று நடக்கும், அக்கம்பக்கத்தாரும் போலீஸும் கூடும் ‘நேஷனல் நைட் அவுட்’ விழா இங்கே அக்டோபர் முதல் செவ்வாய்தான். வெயிலுக்கு அஞ்சி!

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

காப்பீட்டுச் சான்றிதழில் ஒரு நிகழ்வுக்கு பத்து லட்சம் டாலர் என்பது வழக்கம். சான்றிதழ் பெறுபவராக நகராட்சி பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் காப்பீட்டின் பாதுகாப்பு பெறும் கூடுதல் தரப்பாகவும் (additional insured) சேர்த்த இணைப்புத் தாள் வேண்டும். முகவரிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். இந்த மாநிலத்தில் விற்பனை வரிக்குத் தற்காலிக உரிமம் உண்டு, ஒரே இடத்தில் 90 நாளுக்கு மிகாத விற்பனைக்கு. கட்டணம் இல்லை. குலுக்கல் சீட்டு நடத்துவது வேறு கதை: பதிவு செய்த லாபநோக்கற்ற அமைப்பு மட்டுமே நடத்தலாம், வசூலில் 90 சதவீதம் அறப்பணிக்குப் போக வேண்டும்.

விலையை வரி சேர்த்து முழு டாலராக வையுங்கள். கூட்டம் சேர்ந்ததும் செல்போன் சிக்னல் படுத்துவிடும். அட்டை தேய்க்கும் செயலியில் இணையமில்லாமல் வாங்கும் வசதியை முன்னாடியே இயக்கி வையுங்கள்.

நேப்பர்வில், இல்லினாய்

மெனுவுக்கு வருகிறேன். ஒரு கல்லில் இரண்டு தோசை, மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 40தான். மதிய வரிசைக்கு அது எந்த மூலைக்கு? இட்லியும் எலுமிச்சைச் சாதமும் வேகமாக நகரும். தோசைதான் வேண்டுமென்றால் இரண்டு கல், இரண்டு இணைப்பு, விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

முடிந்ததும் கழுவிய தண்ணீரையோ எண்ணெயையோ தெரு வடிகாலில் ஊற்றாதீர்கள், அது நேராக ஆற்றுக்குப் போகிறது, அபராதமும் உண்டு. எண்ணெயை ஆறவிட்டு, வாங்கி வந்த டின்னிலேயே அடைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் தெருவைத் திறந்துவிடும்வரை வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அதற்குள் கூடாரத்தை மடித்துச் சாமான்களை நடைபாதை ஓரம் அடுக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.