பி.கே. பானர்ஜி பயிற்சியாளராக வென்றது வெறும் பேச்சினாலா?

கேள்வி: மாலைப்பயிற்சி

வணக்கம். நான் மாவட்ட அளவில் கால்பந்தில் வலது விங்கில் (வலது ஓர முன்களத்தில்) ஆடியவன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் இரண்டு ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது தவறு என்று முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. நான் யோசிக்காமல் செய்த ஒரு திருப்பத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு விளக்கச் சொற்கள் கிடைக்கவில்லை.

அதனால்தான் என்னைப் போலவே வலது விங்கில் ஆடிப் பின்னர் பயிற்சியாளரான பிரதீப் குமார் பானர்ஜியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எங்கு படித்தாலும் அவருடைய 'வோக்கல் டானிக்' பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் பேசினால் வீரர்கள் தீப்பிடித்தவர்களைப் போல் களமிறங்குவார்கள் என்கிறார்கள். ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி பெற்றிருக்க முடியுமா? ஆட்டக்காரராக அவர் கற்றதில் எது பயிற்சியாளருக்குக் கை கொடுத்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஈரமைதானம்

நல்ல கேள்வி, நண்பரே. அவர் ஆடிய காலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஜல்பைகுரி பகுதியில் 1936-இல் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, பதினைந்து வயதிலேயே மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் பீகாருக்காக ஆடியவர் அவர். 1954-இல் கல்கத்தா வந்து ஆரியன் கழகத்தில் ஓர் ஆண்டு ஆடிவிட்டு ஈஸ்டர்ன் ரயில்வே அணியில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களில் எதற்கும் ஆடாமலேயே நாட்டின் முதன்மையான முன்கள வீரராக ஒருவர் விளங்கியது அந்நாளில் அரிதினும் அரிது. 1958-இல் ஈஸ்டர்ன் ரயில்வே கல்கத்தா லீக்கை வென்றது. அதன்பின் அந்த மூன்று கழகங்களுக்கு வெளியே இன்னொரு அணி அந்தக் கோப்பையைத் தொட 2019 வரை, பியர்லெஸ் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் அந்தச் சாதனையின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளலாம். கூட்டமும் பணமும் எதிரணியின் பக்கம் இருக்கும்போது எப்படி ஆடுவது என்பதை அவர் தம் இளமை முழுவதும் பழகியிருந்தார்.

இரண்டாவது, அன்றைய இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1960 ரோமில் பானர்ஜியின் தலைமையில் பிரான்சுடன் அவரே கோல் அடித்து 1-1 என்ற சமநிலை, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் என அவருடைய சர்வதேச வாழ்வின் உச்சங்கள் அனைத்தும் ரஹீமின் கீழ் நிகழ்ந்தவை. ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணிதான் இறுதியில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றது. தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்துக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தில் பானர்ஜி ஒரு கோலும் அந்த ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தார்கள். அரங்கம் முழுவதும் இந்தியாவை எதிர்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பயிற்சியாளரின் துணிவு ஆட்டத்தை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் ஒரு வீரனுக்குக் கிடைக்குமா?

மூன்றாவதாக, உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. அவர் படித்தார். காயங்களால் 1967-இல் ஆட்டத்திலிருந்து விலகியபின், 1969-இல் ஜப்பானில் ஜெர்மானியரான டெட்மார் கிராமரிடம் ஃபிஃபாவின் பயிற்சியாளர் படிப்பை முறையாக முடித்தார். ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கியவர் மாணவராக உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கற்றுக்கொண்டார். தங்களுக்கு அந்தத் திருப்பத்தை விளக்கச் சொற்கள் கிடைக்காததில் வெட்கப்பட ஏதுமில்லை; அந்தச் சொற்களைக் கற்கத்தான் அவரும் ஜப்பான் வரை போனார்.

பதில் 2: கிழக்குக்கரை

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேச்சை ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. அது வேலை செய்ததற்கு அடியில் பயிற்சி இருந்தது என்று சொல்வதே பொருந்தும்.

1972-இல் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1975 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கழகம் லீக்கை வென்றது. 1973-இல் கல்கத்தாவின் புகழ்பெற்ற கோப்பைப் போட்டியான ஐ.எஃப்.ஏ. ஷீல்டின் இறுதியில் வடகொரியாவின் பியாங்யாங் அணியை 3-1 என்று வீழ்த்தியது. 1975-இல் அதே ஷீல்டின் இறுதியில் மோகன் பகானை 5-0 என்று வென்றதைக் கல்கத்தா இன்றுவரை மறக்கவில்லை. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அதே வீரர்களிடம் அதே சொற்பொழிவை நிகழ்த்தி இத்தனையும் நடத்திவிட முடியாது. உடல் தகுதியும் திட்டமிட்ட பயிற்சியும் இல்லாதவனிடம் எவ்வளவு உணர்ச்சியை ஊட்டினாலும் அது இருபது நிமிடம்தான் தாங்கும்.

1976-இல் அவர் எதிர்முகாமான மோகன் பகானுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு லீக் கைநழுவி ஈஸ்ட் பெங்காலிடம் போனது. ஆதரவாளர்கள் கொதித்திருந்த அந்த நிலையில்தான், செப்டம்பரில் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தது. சில நாட்களிலேயே ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வென்றது. அதே பருவத்தில் ரோவர்ஸ், டூரண்ட் கோப்பைகளும் வந்து சேர்ந்தன. ஷீல்டை வென்று தந்த கோலை அடித்தவர் ஷியாம் தாப்பா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த 5-0 ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவரும் அவரே! இரண்டு முறையும் அவருடைய அணியின் பயிற்சியாளராகக் கோட்டோரத்தில் நின்றவர் பானர்ஜி. ஒரு வீரனின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்து வைத்திருப்பதையே நான் இங்கே பார்க்கிறேன்.

1997 ஜூலையில் கல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில், பானர்ஜி மீண்டும் ஈஸ்ட் பெங்கால் பக்கம் நின்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, வீரர்களை வைர வடிவில் நிறுத்தும் டயமண்ட் அமைப்பில் தம் அணியை அடித்து ஆட வைத்து நாடு முழுவதும் பேச வைத்திருந்தார். ஆட்டத்துக்கு முன் ஈஸ்ட் பெங்கால் வீரர்களைப் பற்றிக் கேலியாகவும் பேசினார். பானர்ஜி பத்திரிகைகளுக்கு அந்த அளவு பேசவில்லை, தம் வீரர்களிடம் பேசினார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது; பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். முன்னேறி வந்த எதிரணி பின்னால் விட்ட வெற்றிடத்தில் பூட்டியாவின் வேகம் பாய்ந்ததையும் சேர்த்தே அந்த வெற்றியைப் பார்க்க வேண்டும்.

பதில் 3: நடுவட்டம்

இருவரும் கழக வெற்றிகளையே பேசுகிறீர்கள். அவரை மதிப்பவன் என்ற முறையிலேயே மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் சொந்த மண்ணில் அவர் பயிற்றுவித்த இந்திய அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றது. தாம் வீரராகப் பெற்ற தங்கத்தைப் பயிற்சியாளராக அவரால் நாட்டுக்கு மீட்டுத் தர முடியவில்லை. இதற்கு அவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயம் அன்று. ஜப்பானும் கொரியாவும் மேற்காசிய நாடுகளும் திட்டமிட்டு முன்னேறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நம்முடைய கால்பந்து கல்கத்தாவின் கோப்பைகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

என் கணிப்பில் அவருடைய மிகப் பெரிய பணி இறுதி ஆட்டங்களில் இல்லை. ஈஸ்ட் பெங்காலில் சுபாஷ் பௌமிக்கைப் பாருங்கள். இனி அவ்வளவுதான் என்று பலர் ஒதுக்கிவிட்ட அவரை 1973-இல் அழைத்து வந்து மீண்டும் முன்னணி வீரராக்கியவர் பானர்ஜி. அந்தப் பௌமிக் பின்னாளில் பயிற்சியாளராகி, 2003-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆசியான் கழகக் கோப்பையை வென்று தந்தார். அந்த இறுதி ஆட்டம் நடந்ததும் ஜகார்த்தாவில்தான். தொண்ணூறுகளில் ஜாம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாடமியில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்து, தாம் வளர்ந்த ஊரிலேயே சிறுவர்களை உருவாக்கினார். பள்ளிப் பிள்ளைகளுடன் இருக்கும் நீங்கள் 1997 ஆட்டத்தைவிட இந்தப் பகுதியைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும்.

மாலைப்பயிற்சி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிராமரிடம் அவர் படித்த செய்தி எனக்குப் புதிது. பயிற்சியாளர் உரிமத்துக்கான முதல்நிலை வகுப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று ஆறு மாதமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன், நாளை விண்ணப்பிக்கிறேன். எங்கள் அணியில் ஒரு பையனை, ஓட்டம் போதாது என்று நானே சென்ற மாதம் ஓரத்தில் உட்கார வைத்தேன். பௌமிக்கின் கதையைப் படித்ததிலிருந்து அவன் முகம்தான் நினைவில் நிற்கிறது. சனிக்கிழமை அவனைத் தடுப்பாட்டத்தில் நிறுத்திப் பார்க்கப் போகிறேன்.

பதில் 4: ஈரமைதானம்

நிறுத்திப் பாருங்கள். ஒரே ஆட்டத்தோடு முடிவு செய்துவிடாமல், நான்கைந்து வாரமாவது அதே இடத்தில் அவனை ஆட விடுங்கள். எப்படி ஆடினான் என்று இங்கேயே எழுதுங்கள்.