சோர்ஸ் கோடிலிருந்து நிறுவப்போய் மாட்டுப்பட்ட கதைகள்

வெள்ளவத்தைக்காரன்:
2022 மார்ச் கடைசி. கொழும்பில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலம். அக்காவின் கலியாண வீடியோவைச் சுருக்க எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் தேவைப்பட்டது. என் லினக்ஸான உபுண்டு 20.04இல் அதைப் பக்கேஜாக, அதாவது ஏற்கெனவே கட்டிவைத்த பொதியாக, ஒரே வரியில் நிறுவலாம். எனக்கோ சத்தம் நன்றாக வர, அதைச் சுருக்கும் எஃப்டிகே என்கோடர்தான் வேண்டும். அதன் லைசென்ஸ் ஜிபிஎல் என்ற திறமூல லைசென்ஸோடு ஒத்துப்போகாது, சேர்த்துக் கட்டியதை மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. அதனால் பக்கேஜில் அது இருக்காது. சரி, நானே கட்டுகிறேன் என்று எஃப்எஃப்எம்பெக் 5.0இன் சோர்ஸை, அதாவது நிரலை எழுதிய மூல வரிகளை, இறக்கினேன்.

தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் கொன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓடவிட்டால், வீடியோவைச் சுருக்கும் லிப்எக்ஸ்264 லைப்ரரி இல்லை என்றது. லைப்ரரி இருந்தது, அதைச் சேர்த்துக் கட்டத் தேவையான ஃபைல்கள் உள்ள டெவ் பக்கேஜ்தான் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகத் தேடி அரைநாள் போனது. அப்புறம் மேக், சோர்ஸைக் கம்பைல் பண்ணி ஓடும் நிரலாக்கும் கட்டளை. என் லப்டொப்பின் பற்றரி செத்து வருடமாகியிருந்தது, கரண்ட் போனால் அப்படியே அணைந்துவிடும். நல்லகாலம், ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றை மேக் மறுபடி தொடாது. ஆனால் ஒருதடவை, எழுதிக்கொண்டிருந்த ஓ ஃபைல், அதாவது கம்பைல் ஆன துண்டு, பூச்சியம் பைட்டில் நின்றுவிட்டது. திகதி புதியது என்பதால் மேக் அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொண்டது. கடைசியில் துண்டுகளை ஒன்றாக லிங்க் பண்ணும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

வீடியோ வந்தது. எல்லோரும் அதை வட்ஸ்அப்பில்தான் பார்த்தார்கள். அது இன்னொருதடவை சுருக்கிவிடும், என் என்கோடரை யார் கண்டது!

கதை அதோடு முடியவில்லை. பிறகு உபுண்டு 24.04க்கு ஏறியதும் ‘லிப்எக்ஸ்264.எஸ்ஓ.155 இல்லை’ என்று பிழை. பக்கேஜ் நிறுவும் ஏபிடியால் எஃப்எஃப்எம்பெக் 6.1ஐ நிறுவினேன், அதே பிழை. எது ஓடுகிறது என்று காட்டும் விச் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள் நான் கட்டிய பழையது குந்திக்கொண்டு, பழைய லைப்ரரியையே தேடுகிறது. கட்டளைகளை ஓட்டும் ஷெல் முதலில் அங்கேதான் தேடும். மேக் அன்இன்ஸ்டால் அடிக்க சோர்ஸ் ஃபோல்டரும் இல்லை, இடம் போதாமல் எப்போதோ அழித்துவிட்டேன். கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

தெகிவளைத் தம்பி:
அண்ணா, மேக் இன்ஸ்டாலுக்குப் பதில் செக்இன்ஸ்டால் அடித்திருந்தால் உபுண்டுவின் டெப் பக்கேஜாகவே கட்டியிருக்கும், ஏபிடியாலேயே கழற்றலாம். நானும் பட்டுத்தான் பழகினேன். ஒரு சின்ன சேர்வரில், அதுவும் 2 ஜிபி ரேமில், மேக்குக்கு ஒரே நேரத்தில் 8 வேலை கொடுத்தேன். நினைவகம் முட்டி, லினக்ஸின் மையமான கர்னல் இடம் பிடிக்க அங்கே ஓடிய டேட்டாபேஸைக் கொன்றது. கம்பைல் மட்டும் தடையில்லாமல் முடிந்தது!

கொட்டாஞ்சேனை:
‘பக்கேஜை நம்பாதே, சோர்ஸென்றால் கண்ணால் பார்க்கலாம்’ என்று சொல்லித் திரிந்தவன் நான். 2024 மார்ச்சில், ஃபைல் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ கள்ளக் கதவு வைத்த விவகாரம் வந்ததும் வாயை மூடினேன். அதன் 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக் கதவைத் திறந்துவிடும் துண்டு, எல்லோரும் பார்க்கும் கிட் சோர்ஸ் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார்போலின், அதாவது இறக்குவதற்கான சோர்ஸ் பொதியின், பில்ட் ஸ்கிரிப்டுக்குள்தான் இருந்தது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லொகின் அரை நொடி பிந்துகிறதே என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டியதால் பிடிபட்டது. எத்தனையோ டார்போல் இறக்கியிருக்கிறேன். அந்தக் கொன்ஃபிகர் ஃபைலை ஒருநாளாவது திறந்து பார்த்திருப்பேனா?