குன்றக்குடியா, பிரான்மலையா? பிள்ளைகளோட சைக்கிள்ல போக நல்ல மலையடிவாரப் பாதை எது?

கோட்டையூரான்:
அரையாண்டு லீவுல குடும்பத்தோட ஒரு காலை மட்டும் சைக்கிள் ஓட்டலாம்னு இருக்கோம். பெரியவனுக்கு 10 வயசு, 24 அங்குல கியர் சைக்கிள். சின்னவளுக்கு 6 வயசு, 16 அங்குலம், பக்கச்சக்கரம் இன்னும் கழட்டலை. எங்க ரெண்டு பேருக்கும் 26 அங்குலம். மலையைப் பார்த்துக்கிட்டே போகணும், கடும் ஏத்தம் வேணாம், மதியத்துக்குள்ள வீடு திரும்பணும். எங்கே போகலாம்? சைக்கிள்ல என்னென்ன பார்க்கணும்?

கலுங்கடி:
ஆறு வயசுப் பிள்ளை இருக்கிறதால குன்றக்குடியே போதும். பிரான்மலையில மேலே போறது நடைபாதைதான், சைக்கிளுக்கு வழியில்லை. அடிவாரத்து ஊர்ச்சாலைகள்ல ஓட்டலாம், மலையும் அங்கதான் மலை மாதிரி இருக்கும். பாரியோட பறம்புமலைன்னு சொல்றது அதைத்தான். ஆனா காரைக்குடியிலிருந்து தூரம். பெரியவனை மட்டும் கூட்டிக்கிட்டு இன்னொரு நாள் போங்க.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு 10 கி.மீ. வாக்குல வரும். அந்தத் தூரத்துக்குச் சைக்கிள்களை வண்டியில ஏத்திக்கோங்க, பஸ்சும் லாரியும் ஓடுற ரோடு, சின்னவளுக்கு ஆகாது. குன்றக்குடியில இறக்கி, மலையைச் சுத்தின ஊர்த்தெருக்கள்லயும் கண்மாய்க்கரையிலயும் ஓட்டுங்க. பிள்ளையார்பட்டி அங்கிருந்து 3 கி.மீ.தான், ஆனா சங்கடஹர சதுர்த்தி அன்னைக்கு அந்தப் பக்கமே வேணாம், வேன் கூட்டம் தாங்காது. தைப்பூசத்துக்கு முந்தின வாரமும் அப்படித்தான். பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடி குன்றக்குடியில கூடித்தான் கிளம்பும்.

16 அங்குலத்துல பிள்ளை மணிக்கு 6, 7 கி.மீ. போனாலே அதிகம். மொத்தம் 5 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம் வச்சுக்கோங்க. ஆறரைக்கு மிதிக்க ஆரம்பிச்சா எட்டரைக்குள்ள முடிச்சுட்டுப் படியேறி முருகனையும் பார்த்துடலாம். வெயில் ஏறிட்டா வெறுங்கால்ல கல்படி சுடும். தண்ணி பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைகளுக்கு ஒவ்வொரு லிட்டர்.

ஒரு விஷயம்: அரையாண்டு லீவு மழை முடிஞ்ச சமயம், கண்மாய் நிறைஞ்சிருந்தா கலுங்குல, அதாவது உபரித் தண்ணி வெளியேறுற கல்கட்டுல, மறுகால் வழிஞ்சு போகும். தண்ணி கணுக்கால் அளவுதானேன்னு ஓட்டிப் போகாதீங்க. கல்லுல பாசி பிடிச்சிருக்கும், டயர் சட்டுனு பக்கவாட்டுல போயிடும். இறங்கித் தள்ளவும் வேணாம், வந்த வழியே திரும்பிடுங்க. கரையில கரிசல் சேறா இருந்தாலும் அப்படித்தான், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல அப்பிச் சக்கரமே சுத்தாது. செம்மண் பரவாயில்லை, ஒரு நாள் வெயில்ல காய்ஞ்சிடும்.

வால்டியூப்:
பாதையெல்லாம் சரி அண்ணே, நம்ம பக்கத்துல ஓட்டத்தைக் கெடுக்கிறது சீமைக்கருவேல முள்ளு. கண்மாய்க்கரை முழுக்க அதான்.

பஞ்சர் ஆனா டியூபை மட்டும் ஒட்டிட்டு மாட்டிடாதீங்க. முள்ளு நுனி ஒடிஞ்சு டயர்ல நிக்கும், வெளியே தெரியாது. பத்து நிமிசத்துல அதே இடத்துல மறுபடி காத்து இறங்கும். டயரோட உள்பக்கம் ஒரு பழைய துணியைச் சுத்திலும் இழுத்துப் பாருங்க, எங்க நூல் மாட்டுதோ அங்க முள்ளு. வெறும் விரலை விடாதீங்க. வெளியிலிருந்து பிடுங்க வரலைன்னா உள்ளிருந்து தள்ளி எடுங்க. அதுக்கப்புறம் டியூபை உப்புத்தாள்ல பளபளப்புப் போற வரைக்கும் தேய்ச்சு, சொல்யூஷனை பேட்சைவிடக் கொஞ்சம் அகலமா மெல்லிசாத் தடவி, நாலஞ்சு நிமிசம் விடுங்க. ஈரம் போய் மங்கலானதும் ஒட்டி அழுத்தணும். ஈரத்தோட ஒட்டுறதாலதான் பாதிப் பேருக்குப் பேட்ச் கழண்டு வருது.

ஒட்டுற வேலையை வீட்டுல வச்சுக்கிட்டு, வழியில டியூபையே மாத்திடுறது உத்தமம். 16, 24, 26 மூணு அளவுலயும் ஒவ்வொரு டியூப், ரெண்டு டயர் லீவர், கைப்பம்பு, சக்கர நட்டுக்கு 15 நம்பர் ஸ்பேனர். சின்ன சைக்கிள்ல நட்டு வேற அளவா இருக்கலாம், வீட்டிலேயே போட்டுப் பார்த்துடுங்க.

உங்க டியூப் வால்வுல சின்ன ரப்பர் குழாய் மாட்டுற பழைய வால்டியூப் வகையா, பைக் மாதிரி ஊசி வால்வா? வால்டியூபா இருந்தா, பஞ்சர் அடைக்கிற திரவம் ஊத்துற யோசனையே வேணாம். அந்தத் திரவம் அந்த ரப்பர் குழாய்ல ஒட்டிக் காத்தே ஏறாது. ஊசி வால்வு டியூபா மாத்துங்க, ரிம் ஓட்டை பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஆனா பெட்ரோல் பங்க் மிஷின்ல 16 அங்குலத்துக்குக் காத்தடிக்காதீங்க, கண்மூடித் திறக்கிறதுக்குள்ள வெடிச்சிடும். காத்தழுத்தம் அகல டயர்னா பெரியவங்களுக்கு 35 பி.எஸ்.ஐ., பிள்ளைகளுக்கு 25லிருந்து 30. டயர் ஓரத்துல அச்சடிச்ச எல்லைக்குள்ள இருக்கணும். கல்லு மாதிரி அடிச்சு வச்சா சரளையில துள்ளிச் சறுக்கும்.

கோட்டையூரான்:
ரொம்ப நன்றி. எல்லாமே வால்டியூப்தான், மாத்திடுறேன். சின்னவளுக்குப் பக்கச்சக்கரத்தோடவே போகலாமா?

செயின்கவர்:
வேணாம். மேடுபள்ளத்துல பக்கச்சக்கரம் ரெண்டும் பாரத்தை வாங்கிக்கும், பின்சக்கரம் அந்தரத்துல சுத்தும், பிள்ளை நின்ன இடத்துலயே மிதிக்கும். பாதை ஒருபக்கம் சரிஞ்சிருந்தா வண்டி அந்தப் பக்கமே சாயும்.

லீவுக்கு இன்னும் நாள் இருக்கே. பக்கச்சக்கரத்தையும் பெடல் ரெண்டையும் கழட்டுங்க. இடது பெடல் மறை தலைகீழ், கடிகாரம் சுத்துற பக்கமாத் திருகினாத்தான் கழலும். இது தெரியாம எதிர்ப்பக்கம் மிதிச்சு மிதிச்சு ஸ்பேனரையே வளைப்பாங்க. ரெண்டு பாதமும் தரையில படிய சீட்டை இறக்கி, லேசான சரிவுல உருட்ட விடுங்க. காலைத் தூக்கிக்கிட்டு பத்தடி உருண்டாச்சுன்னா பெடலை மாட்டிடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலஞ்சு சாயங்காலம் போதும்.

அவ பிரேக்கையும் பாருங்க. லீவரை முழுசா அமுக்கினா ஹேண்டில் பாரைத் தொடக்கூடாது. விரல் எட்டலைன்னா லீவர்லயே ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை உள்ளே திருகினா லீவர் கிட்ட வரும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே 2 மி.மீ. போதும். கட்டையில வெட்டுக்கோடு மறைஞ்சிருந்தா புதுசு போடுங்க.

கோட்டையூரான்:
அந்தத் திருகு சில சைக்கிள்ல இல்லையே?

செயின்கவர்:
உங்க வண்டியிலும் இல்லைன்னா லீவரையே குட்டை லீவரா மாத்திடுங்க. ஒயரை இழுத்துக் கட்டி லீவரைக் கிட்ட கொண்டுவர முடியாது, கட்டைதான் ரிம்மை உரசும்.