மூன்றாம் படிவத்தோடு வோகேஷனல் காலேஜுக்கு அனுப்பினால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடுமா?

பட்டறைக்காரன் (பிறை):
எங்கள் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குரல் பதிவு போட்டிருக்கிறார். "மூன்றாம் படிவம் முடிந்ததும் பிள்ளையை வோகேஷனல் காலேஜுக்கு அனுப்பாதீங்க. அங்கே எஸ்.பி.எம். கிடையாது. எஸ்.பி.எம். இல்லாத பிள்ளைக்கு எதுவும் கிடையாது." (மலேசியாவில் மூன்றாம் படிவம் என்றால் பதினைந்து வயது; எஸ்.பி.எம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு.) அந்தப் பதிவுக்குக் கீழே வரிசையாக நன்றி, கைகூப்பு. ஒருவராவது எதிர்த்துக் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

பினாங்கில் உள்ள பிறையில் இரும்புப் பட்டறை நடத்துகிறேன். 6ஜி வெல்டர் கிடைக்காமல் அலைகிறேன். 6ஜி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பைப்பை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். பைப்பைத் திருப்ப முடியாது, வெல்டர்தான் உடம்பை வளைத்து அதைச் சுற்றி வரவேண்டும். முதல் ஓட்டத்தில் உள்பக்கம் ஒரே சீராக உருகிப் படிந்திருக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்கிறவனைப் படிக்காதவன் என்கிறீர்களா?

பழைய வோகேஷனல் பள்ளிகளை 2012 முதல் காலேஜ் ஆக்கினார்கள். நான்கு வருடம். முதல் இரண்டு வருடம் எஸ்.வி.எம். என்ற தொழிற்கல்விச் சான்றிதழ், அடுத்த இரண்டு வருடம் டிப்ளோமா. என் பெரியவன் அப்படிப் படித்தவன்தான். தேசிய மொழியான மலாயும் வரலாறும் எழுதினான். அப்புறம் எப்படி எதுவும் கிடையாது?

ஓய்வு ஆசிரியர் (செந்தூல்):
குரல் பதிவு போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது சரி. எஸ்.பி.எம். தேசிய மொழித் தாளின் எண் 1103. உங்கள் மகன் எழுதியது 1104. எஸ்.பி.எம். வரலாறு 1249, அவர் எழுதியது 1251. தாள் வேறு, எண் வேறு. அதை எஸ்.பி.எம். என்று பெற்றோரிடம் சொல்லி ஆசைகாட்டாதீர்கள்.

பட்டறைக்காரன்:
எஸ்.பி.எம். என்று நான் எங்கே சொன்னேன்? எழுதினான் என்றுதானே சொன்னேன். 1104-இல் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) எடுத்தால் அரசாங்க வேலைக்கே ஏற்றுக்கொள்கிறார்கள். பொதுச்சேவை விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், தேசிய மொழி கிரெடிட் "எஸ்.பி.எம். அல்லது எஸ்.வி.எம். நிலையில்" என்றுதான் போட்டிருக்கும்.

ஓய்வு ஆசிரியர்:
1104 வேறு, 1103 வேறு. அரசாங்கம் ஏற்றால் போதுமா? எங்கள் உறவுக்காரப் பையனை நானே ஒரு தனியார் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் சான்றிதழை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "எஸ்.பி.எம். எங்கே?" என்று கேட்டார். இதுதான் எஸ்.வி.எம்., இதுதான் தகுதி என்று கரடியாகக் கத்தினேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். சொல்லவே இல்லை. பையன் தலை குனிந்து நின்ற கோலம் எனக்குத்தான் தெரியும்.

மனிதவளம் (கோலாலம்பூர்):
அரசாங்கக் கணக்கில் எஸ்.வி.எம். மூன்று எஸ்.பி.எம். கிரெடிட்டுக்குச் சமம். ஆனால் நிபந்தனை உண்டு. 4.00-க்குக் கல்விப் பாடச் சராசரி 2.00, தொழில் பாடச் சராசரி 2.67, தொழில் மாடியூல் எல்லாவற்றிலும் தேர்ச்சி. இதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

பட்டறைக்காரன்:
பார்த்தீர்களா வாத்தியாரே? மூன்று கிரெடிட்டுக்குச் சமம்! சமம்!

ஓய்வு ஆசிரியர்:
நிபந்தனையைப் படித்தீர்களா? 2.67 வராத பிள்ளை எங்கே போவான்? சமம் என்பது வேறு, அதுவே என்பது வேறு. 1103 இல்லை.

பாயான் லெப்பாஸ் தம்பி:
அண்ணன்மார்களே, நான் கே.வி.யில், அதாவது வோகேஷனல் காலேஜில், எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். இன்று சிப் கம்பெனியில் டெக்னீஷியன். இன்டெல் 1972-இல் பினாங்குக்கு வந்ததிலிருந்து இந்த வட்டாரம் டெக்னீஷியன்களை நம்பித்தான் ஓடுகிறது. கம்பெனிகளும் மாநில அரசும் சேர்ந்து 1989-இல் பி.எஸ்.டி.சி. பயிற்சி மையத்தைத் தொடங்கியதும் அதற்குத்தான். வேலை நேர்காணலில் 1103-ஆ 1104-ஆ என்று என்னை யாரும் கேட்கவில்லை. மல்டிமீட்டரைக் கொடுத்து போர்டில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஆனால் டிகிரிக்குப் போகலாம் என்று பார்த்தபோது கதவு குறைவுதான். யூனிமேப், யூ.டி.இ.எம். மாதிரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, இடம் கிடைக்க டிப்ளோமாவில் நல்ல புள்ளி வேண்டும்.

ஓய்வு ஆசிரியர்:
தம்பியே சொல்லிவிட்டார், கதவு குறைவு.

பட்டறைக்காரன்:
தம்பியே சொல்லிவிட்டார், யாரும் கேட்கவில்லை!

பாயான் லெப்பாஸ் தம்பி:
நான் சொன்னதில் பாதியை ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.

மனிதவளம்:
அமெரிக்காவில் 1917-லேயே ஸ்மித்-ஹியூஸ் சட்டம் போட்டு, உயர்நிலைப்பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. இன்று பெர்கின்ஸ் சட்டத்தில் கொடுக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் தாள் எண்ணுக்குச் சண்டை போடுகிறோம்.

ஓய்வு ஆசிரியர்:
அமெரிக்காவை இழுத்தது நல்லதாகப் போயிற்று. அங்கே வெல்டிங் படிக்கிற பிள்ளையும் மற்றவர்களைப் போல உயர்நிலைப்பள்ளி டிப்ளோமாதான் வாங்குகிறான். தொழில் படிக்கிறாய் என்பதற்காகப் பொதுச் சான்றிதழை விடு என்று யாரும் சொல்வதில்லை. நம் நாட்டிலும் பி.வி.எம்.ஏ. என்ற தொழிற்கல்வித் திட்டம் இருக்கிறது. சாதாரண இடைநிலைப்பள்ளியிலேயே எஸ்.பி.எம். எழுதலாம், கூடவே எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழின் இரண்டாம் நிலையும் வாங்கலாம். கையில் 1103 இருக்கும். இதைத்தான் சொல்லவேண்டும். நான் தொழிற்கல்விக்கு எதிரி என்று பட்டம் கட்டாதீர்கள்.

பட்டறைக்காரன்:
பி.வி.எம்.ஏ. உங்கள் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா? இருந்தால் எந்தத் தொழில்? பிள்ளைக்கு மின்சாரம் பிடிக்கும், பள்ளியில் கேட்டரிங் இருக்கும். அப்புறம், எஸ்.கே.எம். ஒன்று முதல் மூன்று நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. 2006-இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள், சட்டம் 652. இரண்டாம் நிலையோடு நின்ற பிள்ளையிடம் 6ஜி டார்ச்சைக் கொடுத்தால் என் பைப் வீணாகும். எனக்கு ஆழமாகப் படித்த பிள்ளை வேண்டும்.

நம் ஆட்களின் குணம் எனக்குத் தெரியும். பிள்ளை எஸ்.பி.எம்.மில் நான்கு பாடம் கோட்டை விட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தாலும் பரவாயில்லை, "எஸ்.பி.எம். எழுதினான்" என்று கோயிலில் சொல்லிக்கொள்ள வேண்டும். கிரீஸ் கையோடு வருகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கை வாங்கும் சம்பளம் இவர்களுக்குத் தெரியாது.

ஓய்வு ஆசிரியர்:
சம்பளம் என்று ஆரம்பித்தீர்கள். சரி, முதலாளி நீங்கள், புது வெல்டருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் தவுக்கே? எண்ணைச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் எவ்வளவு?

பட்டறைக்காரன்:
அது என் கம்பெனிக் கணக்கு. இங்கே பேச வேண்டியதில்லை. பேச்சை மாற்றாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பு பற்றிய விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள். 2012-இல் நம் இந்தியப் பிள்ளைகளுக்கு 1,500 இடம் கொடுத்தார்கள், அது நிரம்பியதா என்று கேட்டதற்கு என் இலக்கணப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

ஓய்வு ஆசிரியர்:
பிழை இருந்தது, திருத்தினேன். இப்போது கேட்பது சம்பளம்.

மல்லிகை (கெப்போங்):
வணக்கம். என் மகள் இப்போது மூன்றாம் படிவம். வீட்டில் ஃபேன், ரைஸ் குக்கர் எது கெட்டாலும் அவள்தான் பிரித்துப் பார்ப்பாள். எலக்ட்ரிக்கல் படிக்கவேண்டும் என்கிறாள். அவள் அப்பா வேண்டாம் என்கிறார். படித்து முடித்தால் வயர்மேன் சான்றிதழ் தனியாக வாங்கவேண்டுமா? பெண் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? பட்டறைக்கார அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைக்காரன்:
தங்கச்சி, தாராளமாக அனுப்புங்கள். வயர்மேன் சான்றிதழ் தனி, அது அரசாங்கத்தின் எனர்ஜி கமிஷன் கொடுப்பது. தனியாகத் தேர்வு உண்டு. டிப்ளோமா கையில் இருந்தால் மட்டும் வீட்டு வயரிங்கில் கையெழுத்துப் போட முடியாது. கோலாலம்பூர் செத்தாபாக்கில் கே.வி. இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள். பட்டறைக்குள் நுழைந்து மெஷின் ஓடுகிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 1104 எஸ்.பி.எம். ஆகாது என்று வாத்தியார் பயமுறுத்துவதைக் கேட்காதீர்கள்.

ஓய்வு ஆசிரியர்:
அம்மா, முக்கியமான கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். தவுக்கே, உங்கள் பட்டறையில் எத்தனை பெண்கள் வெல்டிங் செய்கிறார்கள்?

பட்டறைக்காரன்:
வெல்டிங் வேறு, எலக்ட்ரிக்கல் வேறு.

ஓய்வு ஆசிரியர்:
எத்தனை பேர்?

பட்டறைக்காரன்:
யாரும் விண்ணப்பிக்கவில்லை. வந்தால் எடுக்க மாட்டேன் என்றா சொன்னேன்?

பாயான் லெப்பாஸ் தம்பி:
மல்லிகை அக்கா, எங்கள் கம்பெனியில் பெண் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். மெஷின் பராமரிப்பிலும் உண்டு. ஷிஃப்ட் வேலை, அதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள்.

மல்லிகை:
நன்றி தம்பி. அண்ணே, என் மகள் இறுதிப் பருவத் தொழில்பயிற்சிக்கு உங்கள் மாதிரி ஒரு பட்டறைக்கு வந்தால் எடுப்பீர்களா? இன்னொன்று, பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா?

பட்டறைக்காரன்:
கழிவறை பற்றி இங்கே ஏன் பேச்சு? நான் பேசுவது பிள்ளைகளின் எதிர்காலம். வாத்தியார்தான் உங்களைத் தூண்டிவிடுகிறார்.

மல்லிகை:
என்னை யாரும் தூண்டவில்லை. நீங்கள் அனுப்பச் சொன்னீர்கள், நான் கேட்கிறேன்.

ஓய்வு ஆசிரியர்:
சம்பளத்துக்கும் பதில் வரவில்லை, இதற்கும் வரவில்லை.

பட்டறைக்காரன்:
எல்லாம் தெரிந்த நீங்கள் வகுப்பில் இருந்த காலத்தில் எத்தனை பிள்ளைகளைத் தொழிற்கல்விக்கு அனுப்பினீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள். அப்புறம் என் பட்டறைக்கு வரலாம்.