வகுபரவலா, நாம் வரையறுத்த பரவலா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரியின் பைத்தான் நிரல்மொழிச் செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கஸ்டம் டிஸ்ட்ரிபியூஷன்’, அதாவது எது எவ்வளவு அடிக்கடி விழும் என்பதை நாமே அமைக்கும் பரவல், அதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நிற்கிறேன். கணக்கு இதுதான்: பெங்களூரா 6, செந்தூரா 3, அல்போன்சா 1 என்று மாங்காய்க்கு எடை கொடுக்கிறோம். பைத்தானின் ராண்டம் மாட்யூலில், எடைப்படி ஒன்றைக் குலுக்கி எடுக்கும் சாய்சஸ் என்ற கட்டளை அவற்றைக் கூட்டிக்கூட்டி 6, 9, 10 என்று வைத்துக்கொள்ளும். 0-க்கும் 1-க்கும் இடையே குலுக்கும் எண் 0.72 என்று விழுந்தால் மொத்தம் 10-ஆல் பெருக்கி 7.2; 6-க்கும் 9-க்கும் நடுவே வருவதால் செந்தூரா. பிள்ளைகளுக்கு இது புரிகிறது. பெயர்தான் வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து:
கஸ்டமுக்கு ‘தனிப்பயன்’ மட்டும் வேண்டாம். அதில் யார் அமைத்தது என்பதே இல்லை. ‘வகுத்தான் வகுத்த வகையல்லால்’ என்கிறது குறள். பங்கிட்டு விதிப்பதுதான் வகுத்தல். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக ‘வகுபரவல்’ என்போம், முக்காலமும் அடங்கும். வகை, வகுப்பு எல்லாம் இந்த வேர்தான். ‘பகு’வும் இதன் உடன்பிறப்பு என்பது என் கருத்து, அப்படியே பகல், பங்கு வரை போகலாம்.

ஓசூரிலிருந்து:
ஐயா, அந்தக் குறள் ஊழ் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே வகுத்தவன் வேறு, துய்ப்பவன் வேறு. இங்கே மாணவரே எடையை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கிறார். அப்புறம், பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பையில், இதே வேலை செய்யும் சாய்ஸுக்குக் கொடுக்கும் வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 1 ஆகாவிட்டால் பிழை காட்டும். அதனால் ஒவ்வொரு எடையையும் மொத்தத்தால் வகுக்கச் சொல்கிறோம். அதே பக்கத்தில் வகுபரவல் என்றும் எழுதினால் பிள்ளைகள் எதை வகுப்பார்கள்? பள்ளிப் புத்தகத்திலேயே ‘நிகழ்தகவுப் பரவல்’ இருக்கிறது. முன்னால் ‘நாம் வரையறுத்த’ சேர்த்தால் போதும்.

அரூரிலிருந்து:
பரவலிலிருந்து சிலவற்றை எடுக்கும் சாம்ப்ளிங்குக்கு என்ன போடுகிறீர்கள்? ‘மாதிரி’ பேச்சில் கரைந்துவிட்ட சொல். சந்தையில் கூறு கட்டித்தானே விற்கிறோம். ‘கூறெடுப்பு’ நல்ல சொல். ராண்டமுக்கு இலங்கையில் ‘எழுமாற்று’ என்கிறார்கள். நம் ‘சமவாய்ப்பு’ இங்கே இடிக்கிறது: எடை 6, 3, 1 என்றான பிறகு வாய்ப்பு எங்கே சமம்?

காவேரிப்பட்டணத்திலிருந்து:
கூறெடுப்பு சரி, சந்தையை இழுக்காதீர்கள். அங்கே நல்ல பழத்தை மேலே வைத்து, அடிபட்டதைக் கீழே மறைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள். உத்திரமேரூர்க் குடவோலைதான் பொருத்தம்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒரே பெயரில் ஆறு ஓலை போட்டால் அதுதான் எடை 6. ‘எடை’ என்று மட்டும் எழுதினால் ஆறு கிலோவா என்று கேட்பார்கள். ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஓசூர்ப் பக்கம் இருப்பதால் ‘நாம் வரையறுத்த பரவல்’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கூறெடுப்பும் உண்டு. சமவாய்ப்பை இப்போதைக்குத் தொடவில்லை. பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து:
நான் ஏற்கவில்லை. மூன்று சொல்லை அடுக்கினால் அது விளக்கம், கலைச்சொல் அல்ல. பைத்தானின் அறிவியல் தொகுப்பான சைபையில் தொடர் பரவல் (உயரம் போல இடைவிடாத மதிப்புகளின் பரவல்) அமைக்க, ஆர்வி கன்டினியூயஸ் என்ற கிளாஸிலிருந்து (நிரலில் வார்ப்பு போன்றது) இன்னொரு கிளாஸ் எழுத வேண்டும். அடுத்த பாடத்தில் அதை ‘வகுப்பு’ என்றுதானே எழுதப்போகிறீர்கள்? அந்த ‘வகு’ மட்டும் பிள்ளைகளைக் குழப்பாதா?